வாசலைப் பிடித்தவள்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். வாடைக் காற்று. போர்வை இன்றும் காயவில்லை.

முதலில் ஒரு திருத்தம். கல்லறைத் திருநாளன்று கணவன் கல்லறையில் வைத்த மெழுகுவர்த்தி அணைவதற்குள் வீட்டுக்கு ஓடிவந்து கம்ப்யூட்டரில் சீட்டாட உட்கார்ந்தேன் என்று குப்பத்தில் பேசுகிறார்களாம். மூன்றும் பிழை. மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை நின்றேன். ஓடவில்லை, என் முழங்காலுக்கு ஓட்டம் கிடையாது. அது சீட்டும் அல்ல.

இதைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டுத் தேசம்மா. கருவாட்டுக் கூடையை என் படியில் இறக்கிவைத்துவிட்டு:

“இன்னா போனம்மா, சீட்டுல வுட்டியா, புட்சியா?”

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்பதால் ஊருக்கு நான் போனம்மா. எக்ஸ்சேஞ்சே இல்லாமல் போய்விட்டது. பெயர் போகவில்லை.

“சீட்டு இல்ல, தேசம்மா.”

“அப்போ இன்னாத்துக்கு ‘வாசல வுடாத, வாசல வுடாத’னு அப்டி கத்துன? எங்க ஊட்டுக்காரரு எய்ந்து போயி எங்க கதவ சாத்திட்டு வந்தாரு.”

விளக்கினேன். நாலு பேர் ஒரு பக்கம். எதிரிகள் ஒரு பக்கம். கண்மூடித்தனமாக அடித்துக்கொள்வது இல்லை. சண்டை தொடங்கும்போதே தாயம் உருட்டுவதுபோல உருட்டி, முதலில் யார், அடுத்து யார் என்று வரிசை வந்துவிடும். உன் முறையில் கொஞ்சம் நடக்கலாம், ஒரு காரியம் செய்யலாம். அவ்வளவுதான். அடுத்தவன் முறையில் நீ கை வைக்கக் கூடாது.

“ஓ, நம்ம பாடு மாதிரி.”

நான் இத்தனை மாதம் ஆடியும் எனக்குத் தோன்றாத உவமை. ஆமாம், பாடு மாதிரிதான். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களுக்கு வீட்டுவாரியாக முறை. இன்று உன் வீடு, நாளை அவன் வீடு. உன் முறைக்கு நீ வராவிட்டாலும் உன் இடத்தில் இன்னொருவன் வலை கட்டமாட்டான்.

“அதுல செத்துட்டா?”

“எழுப்பலாம். சீக்கிரம் எழுப்பணும்.”

“பரவால்லியே.” கூடையைத் தூக்கிக்கொண்டாள். “அத்த நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு கத்துக்குடும்மா. நம்ம ஊட்டுல வுழுந்தா மறுநாள் மத்தியானம்தான் எய்ந்துக்குதுங்க.”

அவள் போன பிறகு சிரித்தேன். எதிரில் சிரித்தால் தினமும் வருவாள்.

மாலை. மழை விட்டிருக்கிறது.

நேற்றைய சண்டையை எழுதிவைக்காமல் ஆறாது. எங்கள் குழு (பார்ட்டி என்கிறார்கள், எனக்குப் பிடிக்காத சொல்):

ரெஜினா. என் மகள். பெங்களூர். ஹீலர். காயம் ஆற்றுவாள், விழுந்தவரை எழுப்புவாள்.

பிரசாத். அவள் கணவன். வில். நன்றாக எய்வான், நிறையப் பேசுவான்.

வசந்தம்மா. பிரசாத்தின் தாய், என் சம்பந்தி. சூலூர்ப்பேட்டைப் பக்கம். அதாவது இதே ஏரி, ஆந்திரக் கரை. இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். மந்திரக்காரி. கோடைக்குப் பிறகு சேர்ந்தவர்.

நான். கேடயம். ஆட்டத்தில் என் பெயர் ஆக்னெஸ்.

வசந்தம்மா வருவதற்கு முன் ரெ.யும் நானும் பிரசாத்தும்தான். என் கணவர் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை என்று ரெ.தான் இந்த கம்ப்யூட்டரை வாங்கி, இங்கே ஒரு வாரம் தங்கிக் கற்றுக்கொடுத்தாள். ஹெட்போன் எனக்குப் புதிதல்ல. வேலை செய்த காலமெல்லாம் காதில் அதுதான். ஞாயிறு பூசை, சமையல், மூன்று மணிக்கு ஆட்டம். வாரத்தில் என் மகள் குரலை நான் முழுதாகக் கேட்பது அப்போதுதான். மற்ற நாட்களில் “சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, சரி வெக்கிறேன்.”

நேற்று: பாழடைந்த மண்டபம். உள்ளே ஓநாய்த் தலையர்கள் ஒரு கும்பல், ஒரு ராட்சசன். வெளியே வர ஒரே வாசல், குறுகலானது. நான் போய் வாசலில் நின்றேன். கேடயக்காரியின் வேலையே அது. வாசல் குறுகினால் எத்தனை பேர் வந்தாலும் ஒருவனோ இருவரோதான் என்னை அடிக்க முடியும். மற்றவன் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். என்னைத் தாண்டி நழுவப் பார்ப்பவனுக்கு என் முறை வராமலே ஓர் அடி உண்டு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மழைத் தண்ணீர் இறங்கும்போது, ஏரி கடலில் சேரும் குறுகிய முகத்துவாரத்தில் எங்கே வலை கட்டுகிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவளுக்குச் சொல்லித் தர என்ன இருக்கிறது?

வசந்தம்மா தம் முதல் முறையில் ராட்சசனைக் கட்டிப்போட்டார். அந்த மந்திரத்துக்கு ஒரு நிபந்தனை. அவர் மேல் பலமாக அடி விழுந்தால் கவனம் கலையும், ராட்சசன் அவிழ்ந்துவிடுவான்.

ஓநாய்த் தலையர்கள் வாசலில், என்னைச் சுற்றி, கூடைக்குள் நண்டுபோல நெருக்கமாக.

பிரசாத்: “மா, ஃபயர்பால் போடுமா! செம கும்பலா நிக்கிறானுங்க!”

வசந்தம்மா: “அக்கட வதினா உன்னாரு கதா?” அங்கே அண்ணி நிற்கிறாரே என்று.

நெருப்புக்கு நண்பர், எதிரி தெரியாது. விழுந்த வட்டத்துக்குள் யார் இருந்தாலும் எரிக்கும்.

ஒரு மூச்சு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மகள்:

“போடுங்கத்தை. அம்மா தாங்குவாங்க.”

எரிந்தேன். விழுந்தேன். அவர்களில் இருவர்தான் மிஞ்சினார்கள். ஒருவன் என் உடலைத் தாண்டிப் போய் வசந்தம்மாவைக் கீறினான். நான் தரையில். விழுந்து கிடப்பவர் முறை வரும்போதெல்லாம் ஒரு உருட்டல். மூன்று முறை தவறினால் முடிந்தது. எனக்கு இரண்டு தவறிவிட்டது. அடுத்தது ரெ.யின் முறை. அவளிடம் ஒரே ஒரு மருந்து மந்திரம் மிச்சம்.

அதை வசந்தம்மாவுக்குப் போட்டாள்.

செத்தேன். அவர்கள் ஜெயித்தார்கள். பிரசாத் விசில் அடித்தான். பிறகு உயிர் கொடுக்கும் மந்திரச் சுருளைப் படித்து என்னை எழுப்பினார்கள். சண்டை முடிந்தபின், வீடு பெருக்குவதுபோல.

“விழுந்தவளை எழுப்புறதா, கீறல் பட்டவளுக்கு மருந்து போடுறதா?” என்று கேட்டேன்.

அங்கே குக்கர் விசில். ரெ. “சாரிமா, எழுப்பிட்டோம்ல” என்றாள். சிரித்துக்கொண்டே.

ஹெட்போனைக் கழற்றிவைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். போர்வை காய்ந்தது.

மாத்திரை வாங்க வேண்டும். அரிசி மாவு. கீ-போர்டில் ஒரு பொத்தான் அமுங்கினால் எழவில்லை, உப்புக் காற்று. வாசற்கதவுக் கீல் இரண்டும் அப்படித்தான் போனது.

சாப்பாட்டு மேசையில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் வரைந்தேன். புளியங்கொட்டை ஓநாய்த் தலையர்கள். கொட்டைப்பாக்கு ராட்சசன். உளுந்து பிரசாத், ஒரு கிராம்பு ரெ., ஏலக்காய் வசந்தம்மா. நான் மிளகு.

அவர்கள் தப்பு என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன்.

ஃபயர்பால் போடாவிட்டால்: நான் இன்னும் இரண்டு சுற்று நிற்பேன். மூன்றாவதில் எப்படியும் விழுவேன். புளியங்கொட்டைகள் எல்லாம் உயிரோடு உள்ளே வரும். தோல்வி.

ஃபயர்பால் போட்டு, ரெ. என்னை எழுப்பியிருந்தால்: எழுவேன், ஆனால் ஓரடிக்கு மேல் தாங்காத உயிரோடு. மருந்தில்லாத ஏலக்காய் அடுத்த அடியில் விழும். கவனம் கலையும். கொட்டைப்பாக்கு அவிழும். தோல்வி.

வேறு எங்கேயாவது நான் நின்றிருந்தால்? ஒவ்வொரு கட்டமாக மிளகை நகர்த்திப் பார்த்தேன். வாசல்தான் சரி.

ரெ. சரியாகத்தான் செய்தாள். இரண்டு முறையும். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். எங்கள் கான்வென்ட்டில் த்ரோபாலுக்கு நான்தான் கேப்டன். கணுக்கால் பிசகி உட்கார்ந்த பெண்ணைத் திரும்பிப் பார்க்காமல் அந்தப் புள்ளியை எடுத்தவள். கோப்பை இன்னும் அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கும்.

ஆனால் இதையும் எழுதுகிறேன். தப்பாகச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். பதற்றம், அவசரம், கை தவறிவிட்டது என்று. இது கை தவறவில்லை. ஒரு மூச்சு நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள், அம்மா தாங்குவாங்க.

மிளகையும் கிராம்பையும் ரசத்தில் போட்டேன். ரசத்தில் கிராம்பு சேராது. தெரிந்தேதான் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மூட்டம். ஏரி ஈய நிறம்.

காலையில் அருள் வந்தான். என் கணவரின் அண்ணன் மகன். இந்த வருடம் ஊர்த் தலைவர்களில் ஒருவன், அதனால் சட்டைக்கு இஸ்திரி. ஞாயிறு பூசைக்குப் பிறகு புதுப் பாட்டுக்கு, யார் வீட்டுக்கு எந்த இடம் என்று, சீட்டு எடுக்கிறார்களாம். முகத்துவாரம் திறந்துவிட்டது, இறால் ஏறுகிறது.

“சித்தி, நீ கோவமா இருக்காத. என் பாட்டுல வுழற எறாவுல ஒரு கூட உனக்கு. மொத கூட. நான் வார்த்த சொல்றேன்.”

“எனக்கு வேண்டியது இறால் இல்ல, அருள்.”

“பேரு என் கையில இல்ல சித்தி.”

“கூடை மட்டும் உன் கையில இருக்கு.”

“உன்ன பேசிக் கெலிக்கவே முடியாது.” காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். நல்ல பையன்தான். நல்லவர்களிடம்தான் சண்டை போட முடியவில்லை.

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். அவர் இறந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டின் பெயர் பாட்டு வரிசையில் இருந்தது. மறு வருடம் எடுத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை இல்லை. அன்று ஊர்க் கூட்டத்தில், வலைக் கொட்டகையில், நான் வாயைத் திறக்கவில்லை. இவர்களிடம் கேட்பதா என்ற எண்ணம். ரெ. எழுந்தாள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த இடத்தின் நடுவில் போய் நின்றாள்.

“எங்கம்மா வலை கட்ட மாட்டாங்கனா ஆள் வெச்சுக் கட்டுவாங்க. இங்க பாதி பேர் ஆள் வெச்சுத்தான கட்றீங்க? அப்புறம் எங்க பேர மட்டும் ஏன் எடுக்கறீங்க?”

ஒரு கிழவர் சொன்னார், “பாப்பா, பாடு ஆம்பளைக்கி.”

“அப்போ எங்கப்பா செத்தப்புறம் ஒரு வருஷம் செத்த ஆம்பளைக்கி குடுத்தீங்களே, உயிரோட இருக்கற பொம்பளைக்கி குடுக்க இன்னா?”

பெயர் கிடைக்கவில்லை. ஆனால் அவள் நின்றாள். அந்த நாளை வைத்துக்கொண்டு நான் பல நாள் ஓட்டியிருக்கிறேன்.

மாலை ஐந்துக்கு ரெ.யின் வாய்ஸ் மெசேஜ். அப்படியே எழுதுகிறேன்:

“ம்மா, இந்த வாரம் நீ கேம்ப்ல இரும்மா. கொஞ்சம் ரெஸ்ட் எடு. போன வாரம் எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சி. நாங்க கூலிக்கு ஒரு ஷீல்டுகாரன எடுத்து ட்ரை பண்றோம். நீ க்ரூப் கால்ல வா, கேட்டுக்கிட்டு இரு, ஜாலியா இருக்கும்.”

அவள் முடிப்பதற்குள் பின்னால் பிரசாத்தின் குரல், ரெக்கார்ட் ஆகிறது என்று தெரியாமல்: “அவன் ஆர்க்யூ பண்ண மாட்டான்பா!” சிரிப்பு. இருவர் சிரிப்பு. வசந்தம்மாவின் சிரிப்பு அதில் இல்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்தேன்.

கேம்ப் என்றால்: குழுவில் நாலு பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் காட்டில் ஒரு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யாராவது வந்து பேசினால் பதில் சொல்வார்கள். இல்லாவிட்டால் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆக்னெஸ் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறாள். என் இடத்தில் கம்ப்யூட்டர் நடத்தும் ஒரு கூலிக்காரன்.

சரி என்று ஒரு சொல் அனுப்பினேன்.

நவம்பர் 8, சனி

நல்ல மழை. மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தியில் எழுதவில்லை, பகல்தான்.

பொத்தானைக் கழற்றி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். இப்போது எழுகிறது. எதற்கு என்று கேட்டுக்கொண்டேன்.

கூலிக்காரனைப் பற்றி யோசித்தேன். தானாக நடக்க விட்டால் அவன் மிக அருகில் இருக்கும் எதிரியை நோக்கி ஓடுவான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாசலில் நிற்பது ஒரு காரியம் என்றே அவனுக்குத் தெரியாது. நிற்பவள் பார்வைக்குச் சும்மா இருக்கிறாள், பல முறை அவள் செய்வது ‘என் முறை முடிந்தது’ என்ற பொத்தானை அமுக்குவதுதான். பிரசாத் ஒரு தடவை கேட்டான், “அத்தம்மா, உங்களுக்கு போர் அடிக்கலயா?” சுவருக்கு போர் அடிக்குமா?

நாளைக்கு இரட்டை வாசல் உள்ள இடம். நடுவில் கதவு இருக்கும். கதவைச் சாத்த முடியும். இது அவர்களுக்குத் தெரியாது, முன்பே ஒருமுறை நான்தான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

எழுதி அனுப்பலாம். அனுப்பவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். சாமியார் இளைஞர், ‘நாம் எல்லோரும் ஒரே படகில்’ என்றார். இந்த ஊரில் அதைச் சொல்வதற்கு முன் படகு யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும்.

பிறகு வலைக் கொட்டகை. போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன். பெண்கள் வெளியே, ஆலமரத்தடியில், குடையும் முக்காடுமாக. ஒரு குழந்தையை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லி அருள் வாசித்தான். மைக் வைத்திருந்தார்கள், தேவையே இல்லை, அவன் குரல் ஏரிக்கு அப்பால் கேட்கும்.

தேசம்மா பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னாம்மா, நீ இங்க?”

“கேட்க வந்தேன்.”

“உன் பேரு வராதும்மா.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் நிக்கிறியே!” பிறகு தன் குடையை என் பக்கம் சாய்த்தாள். முடியும்வரை நின்றோம். தேசம்மாவின் வீட்டுக்காரர் பெயர் வந்தது, நல்ல இடம். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தவில்லை என்று தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மணி. ஹெட்போன். எல்லோரும் ‘ஹாய்’ என்றார்கள். நான் என் மைக்கை அணைத்துவைத்தேன். கேட்பவளுக்கு மைக் எதற்கு?

முதல் சண்டை சிறியது, தப்பித்தார்கள். “பார்த்தியா, சூப்பரா அடிக்கிறான்,” என்றான் பிரசாத். இரண்டாவது, கதவுள்ள இடம்.

கூலிக்காரனை வாசலில் நிறுத்தினாள் ரெ. முதல் சுற்று நின்றான். இரண்டாவதில் பக்கவாட்டில் எதிரி வில்லாளி ஒருவன் தெரிந்தான். வாசலை விட்டு ஓடினான்.

“டேய் டேய், எங்கடா போற!” பிரசாத்.

“ஐயோ ரெஜினா, அந்த ரெண்டும் என் மீதக்கே வஸ்தானாங்க!” வசந்தம்மா. பயந்தால் இரண்டு மொழியும் ஒன்றாக வரும். எதிரிகள் அவர் மேலேயே பாய்ந்துவிட்டார்கள்.

“அத்தை பின்னாடி வாங்க. இல்ல, இருங்க, நகர்ந்தா அவன் ஃப்ரீயா ஒரு அடி அடிப்பான். பிரசாத், நீ அவன் முன்னாடி வந்து நில்லு.”

“நான் வில்லு, நான் எங்க நிக்கறது?”

“ம்மா,” என்றாள் ரெ. பழக்கத்தில் வந்த சொல். “ம்மா, இப்ப இன்னாமா பண்றது?”

எனக்குத் தெரியும். பிரசாத் வாசலுக்கு இப்புறம் வந்து கதவைச் சாத்த வேண்டும். கதவு சாத்துவதற்கு முறை செலவாகாது. உள்ளே வந்த இருவரை மூன்று பேரும் சேர்ந்து முடித்துவிடலாம். கூலிக்காரன் வெளியே சாகட்டும், கூலிக்குத்தானே வந்தான். இதைச் சொல்ல மைக்கை ஒரு தட்டு தட்டினால் போதும்.

தட்டவில்லை.

“அத்தம்மா லைன்ல இருக்காங்களா?” பிரசாத்.

“இருக்காங்க. பேர் தெரியுது. ம்மா?”

முதலில் வசந்தம்மா விழுந்தார். ரெ. அவரை எழுப்ப ஓடினாள், ஓடும்போதே முதுகில் அடி. பிரசாத் கடைசிவரை எய்துகொண்டிருந்தான். திரை கறுத்தது.

நன்றாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். காப்பி போட்டுக் குடிக்கும்வரை நன்றாகவே இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

காற்று திரும்பியிருக்கிறது. வெயில்.

அருளின் கூடை வந்தது. முதல் கூடை, சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளை இறால், மேலே ஈரத் துணி. கொண்டுவந்த ஆளிடம் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். தேசம்மா தன் வாசலிலிருந்து:

“வேணாம்னா இப்டி குடும்மா. மானத்த நீ வெச்சுக்கோ, எறாவ நான் வெச்சுக்கிறேன்.”

கொடுத்துவிட்டேன். மத்தியானம் அவள் வீட்டிலிருந்து வறுவல் வாசனை. ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அது தேசம்மா கொடுத்தது, அருள் கொடுத்ததல்ல. சாப்பிட்டேன். காரம் அதிகம்.

நாலு மணிக்கு போன். ரெ. என்று நினைத்து எடுத்தேன். வசந்தம்மா.

“வதினா, நீங்க லைன்ல இருந்துட்டே பேசல.”

“ஆமாம்.”

“நானா இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.” இதை எதிர்பார்க்கவில்லை. “நெருப்பு போட்டது நான்தானே? மனசு கேக்கல வதினா. பசங்க சொன்னாங்க, கை போட்டுடுச்சி.”

“நெருப்பு சரிதான். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்.”

“சரிதான்னாலும் சுடும் கதா?”

அவர் தொடர்ந்தார். “மா நைனா போனப்புறம் எங்க ஊர்லயும் பாட்டுல பேர எடுத்துட்டாங்க. எங்கம்மா சீட்டு எடுக்கற அன்னிக்கி மட்டும் தலைவலின்னு படுத்துக்கும். வருஷா வருஷம் அன்னிக்கி மட்டும் தலைவலி.” பிறகு: “இப்படி வெச்சுக்கலாம். ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான். முறை. நான் கேம்ப்ல உக்காந்து மணிலாக்கொட்டை ஒடச்சி சாப்புட்டுட்டு இருக்கேன். எனக்கு அந்த ராட்சசனைப் பாத்தாலே படபடன்னு வருது.”

என் ஓரவஞ்சனையில் இத்தனை மாதம் இவரை ஏரிக்கு அந்தப் பக்கத்துக்காரி என்றே மனதுக்குள் கூப்பிட்டுவந்தேன்.

கதவைச் சாத்த வேண்டும் என்று சொன்னேன். யார் எங்கே நிற்க வேண்டும், எந்த வரிசையில் அடிக்க வேண்டும், கூலிக்காரனைத் தானாக விடாமல் கையில் எடுத்து நடத்துவது எப்படி, எல்லாம். அவர் ஒவ்வொன்றுக்கும் “ஆ, ஆ” என்று எழுதிக்கொண்டார். இந்தத் தடவை ஜெயிப்பார்கள்.

இடத்தை மட்டும் வேண்டாம் என்றேன்.

“ஏன் வதினா?”

“நீங்க எழுந்து குடுக்கிற இடம் அது. எனக்குன்னு இருக்கிற இடம் இல்ல.”

அவருக்குப் புரிந்தது. “ரெஜினாகிட்ட பேசட்டுமா?”

“வேண்டாம். நானே கேட்கிறேன்.”

நவம்பர் 11, செவ்வாய்

வானம் தெளிவு. படகுகள் விடிவதற்கு முன்பே போய்விட்டன.

ரெ. நேற்று மாலை இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. போனில் பேசினால் குக்கர் விசில் வரும், “சாரிமா” வரும், சிரிப்பு வரும், “சாப்ட்டியா” என்று முடிப்போம். தெரியும்.

அதனால் எழுதினேன். மூன்று தடவை கிழித்து, நாலாவதை அனுப்பினேன். அனுப்பியதன் நகல்:

ரெஜினா,

நெருப்புப் போடச் சொன்னது சரி. அத்தைக்கு மருந்து போட்டதும் சரி. மேசையில் வைத்துப் பார்த்துவிட்டேன், அதைப் பற்றி இனிப் பேச்சில்லை. நேற்று முன்தினம் நான் லைனில் இருந்தும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். கதவைச் சாத்தியிருந்தால் பிழைத்திருப்பீர்கள். அத்தையிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கூலிக்காரன் வாசலில் நிற்கமாட்டான் என்று இப்போது உனக்கே தெரியும். ஆகவே நீங்கள் என்னை எடுத்தது ஆட்டத்துக்காக அல்ல. என் ஆட்டத்தில் குறை உண்டு என்றால் எந்தச் சண்டையில், எந்த முறையில் என்று சொல், திருத்திக்கொள்கிறேன். ஆட்டம் சரி, என்னோடு உட்கார்ந்து ஆடுவதுதான் கஷ்டம் என்றால் அதையும் சொல். அதைத் திருத்த முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்தை தன் இடத்தைத் தருகிறேன் என்றார். வாங்க மாட்டேன். அருளின் கூடையையும் வாங்கவில்லை. வலைக் கொட்டகையில் நீ எழுந்து நின்றபோது இறாலுக்காக நிற்கவில்லை.

நாலு பேரில் என் பெயர் இருக்கிறதா, இல்லையா?

போன் வேண்டாம். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிப் பதில் அனுப்பு.